பரிசு பெற்ற விழித்திரை

விழித்திரை நிலையத்தில் சேர்வதற்கான நேர்முகத் தேர்வில் மருமகளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "கலர் பென்சிலை எப்படிச் சீவுவீங்க?" என்பது.

அவள் கண் மருத்துவம் படித்து முடித்தவள். புரை விழுந்த கண்களில் லென்ஸ் வைத்துப் பழகிய கை. கண்ணின் பின்சுவரில் மெல்லிய காகிதம்போல ஒட்டியிருக்கும் விழித்திரை, கிழிந்தோ பிரிந்தோ போனால் அதை மறுபடி ஒட்டவைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் இந்த ஃபெல்லோஷிப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள்.

"ஷார்ப்னர்லதான் சார்," என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த பெரிய டாக்டர் மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை.

"பிளேடுல சீவ மாட்டீங்களா?"

"சொன்னா சீவுவேன் சார்."

"பார்த்தீங்களா, கத்துக்கணும்ங்கற மனசு இருக்கு," என்றார் பெரிய டாக்டர். அவளுக்கு இடம் கிடைத்தது.

விழித்திரையைப் படமாக வரைவது கண் டாக்டர்களிடையே பழைய வழக்கம்தான். ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சிவப்பு, பிரிந்த இடத்துக்கு நீலம், ஓட்டைக்குச் சிவப்பு வட்டமும் நீலக் கரையும். வரைய வேண்டுமென்றால் ஊன்றிப் பார்த்தாக வேண்டும். ஊன்றிப் பார்த்தால் எந்த ஓட்டையும் தப்பாது. அதற்காக ஏற்பட்ட வழக்கம். நிலையத்தில் அது கொஞ்சம் வளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

படங்களைச் சரிபார்க்க ஒரு படக்குழு இருந்தது. அதற்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், தாளின் ஓரத்தில் விட்ட இடத்தை அளக்க ஒருவர். வராந்தா நெடுக, கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய ஃபெல்லோக்கள் வரைந்த விழித்திரைகள் தொங்கின. அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் கேட்பதில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் முதல் வருஷத்துக்காரர்கள் தரையிலுள்ள மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். அங்கிருந்து தெரிவது பெரிய டாக்டரின் முதுகு. அந்த முதுகைப் பற்றி எந்தத் தேர்வில் கேள்வி வந்தாலும் நிலையத்து ஃபெல்லோக்கள் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இரண்டாம் வருஷத்தில் கோட்டைத் தாண்டி, மைக்ராஸ்கோப்பின் உறையை மடித்து வைக்கலாம். அதற்கு மேல் என்ன என்று யாரும் சொன்னதில்லை. யாரும் அதற்கு மேல் போனதில்லை.

இதையெல்லாம் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் லைட் அண்ணன். அவரும் ஃபெல்லோதான், பயிற்சி முடிந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டவர். விழித்திரையைப் பார்க்க அறை இருட்டாக இருக்க வேண்டும். பெரிய டாக்டர் கையில் லென்ஸை எடுத்ததும் விளக்கை அணைப்பது லைட் அண்ணனின் பொறுப்பு. அவர் அணைத்தால் இருட்டில் ஒரு தெளிவு இருக்கிறது என்று பெரிய டாக்டர் ஒருமுறை பாராட்டியிருந்தார்.

"அண்ணே, நீங்க இதுவரைக்கும் எத்தனை ஆபரேஷன் பண்ணியிருப்பீங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"நான் ஆபரேஷன் பக்கம் போகலைம்மா. இருட்டுல ஸ்பெஷலைஸ் பண்ணிட்டேன்," என்றார் அவர். கிண்டலாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

வீட்டில் இதையெல்லாம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அத்தையிடம் எதை மறைக்க முடியும்? கணவனின் அம்மா, இவளுக்கு அத்தை. முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். சோடாபுட்டிக் கண்ணாடி. இடது கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வை மங்கல். ஊசியில் நூல் கோப்பது முதல் மகனின் முகத்தில் திருட்டுத்தனம் கண்டுபிடிப்பது வரை எல்லாம் வலது கண்ணால்தான்.

"என்னம்மா டாக்டர், இன்னிக்கும் ஹோம்வொர்க்கா?" என்பாள், மருமகள் சாப்பாட்டு மேஜையில் நீலப் பென்சிலோடு குனிந்திருக்கும்போது. "பச்சைக் கலர் தீர்ந்துபோச்சுன்னா சொல்லு. எதிர்வீட்டு எல்.கே.ஜி. பாப்பாகிட்ட வாங்கித் தரேன்."

"அம்மா, அவ மேல்படிப்பு படிக்கறா," என்று கணவன் பரிந்துகொண்டு வருவான்.

"அதைத்தான்டா நானும் சொல்றேன். இவ்ளோ மேல படிச்சா திரும்ப எல்.கே.ஜி. வரும்போல."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலை அத்தை மெஷினை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. நேத்து கண்ணுக்குள்ள பளிச் பளிச்னு மின்னுச்சு. இப்போ கீழேருந்து ஒரு கறுப்புத் துணி மேல ஏறுற மாதிரி இருக்கு. ஊசி தெரியுது, ஊசிக்குக் கீழ இருக்கற துணி தெரியல."

மருமகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். கீழே நிழல் என்றால், மேலே பிரிந்திருக்கிறது. மேலே பிரிந்தால் அடியில் தேங்கும் நீர் கீழ்நோக்கி இறங்கும். நட்டநடுவே இருக்கும் சிறு புள்ளிதான் எழுத்தையும் முகத்தையும் பார்க்கிற இடம். நீர் அதைத் தொடுவதற்குள் ஒட்டிவிட்டால் பார்வை அப்படியே நிற்கும். தொட்டுவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பழைய பார்வை வராது.

"அத்தை, கிளம்புங்க. இப்பவே."

"தைச்சுக் குடுக்க வேண்டியது கிடக்கு..."

"அத்தை!"

மருமகள் குரலை உயர்த்தி அத்தை கேட்டதில்லை. மறு பேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நிலையத்தில் மருந்து ஊற்றி, படுக்கவைத்து, தலைமாட்டில் நின்று மருமகளே லென்ஸைப் பிடித்துப் பார்த்தாள். நினைத்தது சரி. மேலே குதிரைலாடம் போல ஒரு கிழிசல். அதைச் சுற்றி விழித்திரை உப்பித் தொங்கியது. நடுப்புள்ளி இன்னும் ஒட்டியிருந்தது. ஆனால் நீர் அதன் பக்கத்து வாசலில் நின்றது.

"அண்ணே, இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"பண்ணலாமே," என்றார் லைட் அண்ணன். "தியேட்டர்ல பேர் எழுதணும்னா பெரிய டாக்டர் பார்க்கணும். அவர் பார்க்கணும்னா படம் பாஸாகணும். படம் எங்கே?"

தலைமாட்டில் நின்று லென்ஸ் வழியாகப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதனால் தாளை நோயாளியின் மார்பில் தலைகீழாக வைத்து வரைவது முறை. மருமகள் அத்தையின் மார்பில் அட்டையை வைத்து, மளமளவென்று வரைந்தாள்.

"பலகை இல்லையா? என்மேல வச்சு எழுதறியே," என்றாள் அத்தை, மேற்கூரையைப் பார்த்தபடி. "கூசுது."

"பேசாம படுங்க அத்தை. எழுந்திரிக்கவே கூடாது. படுத்திருந்தாத்தான் நீர் சீக்கிரம் இறங்காது."

படக்குழுத் தலைவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன நீலம்?"

"பிரிஞ்ச இடம் சார்."

"அது தெரியுது. ஆனா இது மையோட நீலம். நாம வானத்து நீலம்தான் போடறது. திரும்ப வரைஞ்சுட்டு வாங்க."

"சார், அவசரக் கேஸ். நடுப்புள்ளி இன்னும் போகல."

"அதனாலதான் சொல்றேன். நடுப்புள்ளி போகாத படத்துக்குத் தனி அழகு உண்டு. அதை அவசரத்துல கெடுத்துடாதீங்க."

இரண்டாவது படத்தில் ஓர இடம் குறைவு என்று அளப்பவர் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்து லென்ஸை வைத்துப் பார்த்தபோது, அத்தையின் கண்ணில் நீர் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மருமகளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணால் விழித்திரை பார்க்க முடியாது. துடைத்துக்கொண்டு, மூன்றாவது தாளில், தான் கண்ட ஒவ்வொரு மடிப்பையும், ஒவ்வொரு ரத்தக்குழாயையும், கிழிசலின் சுருண்ட விளிம்பையும் கெஞ்சுவதுபோல வரைந்தாள். இதைப் பார்த்தும் யாராவது 'இல்லை' என்று சொல்லிவிட முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

யாரும் சொல்லவில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

படக்குழுத் தலைவர் தாளைப் பார்த்துவிட்டுத் துணைத்தலைவரைக் கூப்பிட்டார். துணைத்தலைவர் அளப்பவரைக் கூப்பிட்டார். அளப்பவர் அளக்க மறந்து நின்றார். மூவரும் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்கு நடந்தார்கள். மருமகள் பின்னாலேயே ஓடினாள்.

பெரிய டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு மூலையில் கையெழுத்துப் போட்டார்.

"நான் வந்ததுலேருந்து இப்படி ஒரு நீலம் பார்த்ததில்லை," என்றார். "வர்ற வாரம் நம்ம மாநாடு. வெளியூர்லேருந்து நடுவர்கள் வர்றாங்க. முதல் பரிசு இதுக்குத்தான்."

"நன்றி சார். தியேட்டர்ல பேர் எழுதிடட்டுமா?"

"எதுக்கு?"

"ஆபரேஷனுக்கு."

பெரிய டாக்டர் குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணிட்டா விழித்திரை ஒட்டிக்குமேம்மா. நடுவர்கள் படத்தையும் கண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. படத்துல நீலம், கண்ணுல சிவப்புன்னா நம்ம மானம் என்ன ஆகறது? மாநாடு முடியட்டும்."

"சார், அதுக்குள்ள நடுப்புள்ளி பிரிஞ்சுடும். பார்வை திரும்பாது."

"பிரிஞ்சா நீலம் முழு வட்டமா வரும். அது இன்னும் எடுப்பா இருக்கும். ஒரு சின்னத் திருத்தம் பண்ணிக்கலாம்."

"அவங்க என் மாமியார் சார்."

"சொந்தக்காரங்களா? அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. நடுவர்கள் வர்ற வரைக்கும் வீட்டுக்குப் போகாம பார்த்துக்குவீங்க."

"ஒத்தைக் கண்ணு சார். இன்னொரு கண்ணுல பார்வையே கம்மி."

"அப்படியா?" என்று பெரிய டாக்டர் நிஜமாகவே உருகினார். "அதைப் படத்துக்குக் கீழ எழுதிடுங்க. நடுவர்களுக்கு மனசைத் தொடும்." அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தார். "இங்க பாருங்கம்மா. நான் எல்லா மாநாட்டுலயும் சொல்றது ஒண்ணுதான். இந்த நிலையத்துல நோயாளிதான் முதல். நோயாளி இல்லைன்னா நாம எதைப் பார்த்து வரையறது? ஆபரேஷன் யார் வேணும்னாலும் பண்ணிடலாம். அதுக்குக் கை போதும். பயிற்சிங்கறது வேற. பயிற்சி பெற்ற டாக்டருக்கும் பெறாத டாக்டருக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? பெறாதவன் கண்ணைப் பார்த்ததும் கத்தியை எடுப்பான். பெற்றவன் யோசிப்பான்."

"யோசிச்சுட்டு சார்?"

"பென்சிலை எடுப்பான்."

மூவரும் தலையாட்டினார்கள். அளப்பவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வார்டில் அத்தை படுத்தபடியே கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"படம் நல்லா இருக்காம்."

"கண்ணு?"

மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது. "இங்க பாரு, எனக்குப் போனா போகுது. நீ சேர்ந்த படிப்பு. என்னால உனக்கு ஒண்ணும் கெட்டுப்போக வேண்டாம். இன்னொரு கண்ணு இருக்கில்ல, தடவித் தடவித் தைச்சுக்குவேன்."

"கோணல்மாணலா யூனிஃபார்ம் தைச்சா பிள்ளைங்க சும்மா விடுமா அத்தை?" என்றாள் மருமகள். சிரிக்க முயன்று அழுதாள்.

லைட் அண்ணன் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டயர் கடை மாடியில ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு," என்றார். "அந்த டாக்டரம்மாவும் இங்கதான் இருந்தாங்க. ஒழுங்கீனம்னு வெளிய அனுப்பிட்டாங்க."

"என்ன பண்ணாங்க?"

"கண்ணைத் தொட்டுட்டாங்க."

அதற்குள் படக்குழு வார்டு வாசலுக்கு வந்துவிட்டது. நோயாளியின் கட்டிலில் 'போட்டிக்கு உரியது' என்று அட்டை மாட்ட. லைட் அண்ணன் தன் வாழ்நாளில் முதல்முறையாக, பெரிய டாக்டர் லென்ஸை எடுக்காமலேயே விளக்கை அணைத்தார். விழித்திரை நிலையத்தில் இருட்டு விழுந்தால் பேசக்கூடாது, நகரக்கூடாது என்பது விதி. படக்குழு விதியை மீறவில்லை. அட்டையைப் பிடித்தபடி மரியாதையாக நின்றது. மருமகளும் வார்டு ஆயாவும் அத்தையைச் சக்கரக் கட்டிலோடு பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

டயர் கடை மாடியில் ரப்பர் வாசனை அடித்தது. டாக்டரம்மா அறைச் சுவரில் ஒரு படமும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க மேடம், படத்தை அங்கேயே வச்சுக்கிட்டாங்க," என்றாள் மருமகள் மூச்சு வாங்க.

"படம் எதுக்கு? கண்ணைக் கொண்டுவந்திருக்கீங்கல்ல?" டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். ஊன்றி, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணைச் சுழற்றச் சொல்லி, நிதானமாகப் பார்த்தாள். "நடுப்புள்ளி நிக்குது. கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்குது. தியேட்டரைத் தயார் பண்ணுங்க. நீ கை கழுவிட்டு வா."

"நானா? நான் எங்க நிக்கணும் மேடம்? கோடு எங்க இருக்கு?"

"என்ன கோடு?"

மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. கண்ணை அசையாமல் நிறுத்த, அதன் தசைகளில் கோத்த நூல்களை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நூல்களை டாக்டரம்மா மருமகளின் கையில் கொடுத்தாள். சேர்ந்த நாளிலிருந்து பென்சிலையும் லென்ஸையும் தவிர வேறு எதுவும் பிடிக்காதவள் அவற்றை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பிடிச்சிருக்கே?" என்று துணிக்கு அடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"நூல் அத்தை."

"நூல்னா தளர விடாதே. தொய்ஞ்சா தையல் சுருங்கும். விரைப்பாப் பிடி."

"பேசாதீங்கம்மா," என்றாள் டாக்டரம்மா. பிறகு, "ஆனா அவங்க சொல்றது சரி. விரைப்பாப் பிடி," என்றாள்.

கிழிசல் மூடியது. வெளியே வந்தபோது வேலையிலிருந்து ஓடிவந்திருந்த கணவன் பெஞ்சில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் மருமகள், "ஒட்டிடுச்சு," என்று மட்டும் சொன்னாள். அவன் அவள் கையை எடுத்துப் பார்த்தான். நூல் அழுந்திய தடம் விரலில் சிவந்திருந்தது.

மாநாடு கோலாகலமாக நடந்தது. போட்டிக்குரிய கண் வராததால், கண் இல்லாமலேயே படத்துக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். ஆனால் நடுவர்கள் ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போனார்கள்: கண்ணைக் கொண்டுவந்து ஒப்பிட்டுச் சான்றளித்தால்தான் பரிசு செல்லும். மருமகளுக்கு அழைப்பு வந்தது.

"நான் வரேன்," என்றாள் அத்தை. கட்டு பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, மெஷினில் உட்கார ஆரம்பித்திருந்தாள். "எனக்கும் அந்தப் பெரிய மனுஷனைப் பார்க்கணும். அன்னிக்குப் படுத்துக்கிட்டே இருந்துட்டேன்."

பெரிய டாக்டர் லென்ஸை எடுத்தார். லைட் அண்ணன் விளக்கை அணைத்தார். வெகுநேரம் கழித்து இருட்டிலிருந்து குரல் வந்தது. "சிவப்பா இருக்கே!"

"ஆபரேஷன் பண்ணியாச்சு சார். டயர் கடை மாடியில," என்றாள் மருமகள்.

விளக்கு வந்தது. படக்குழுத் தலைவர் எழுந்தார். "நம்ம நிலையத்துக்கு வெளியில விழித்திரை ஆபரேஷன் கிடையாது. அதை மாநாட்டுலயே தீர்மானமாப் போட்டிருக்கோம்."

"அப்போ தானா ஒட்டிக்கிச்சா?" என்றார் துணைத்தலைவர்.

"தானா ஒட்டாது. அது பாடப் புத்தகத்துலயே இருக்கு."

"அப்போ படம் தப்பு."

பெரிய டாக்டர் படத்தின் மூலையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் கையெழுத்துப் போட்ட படம் தப்பா இருக்க முடியாது. பிரிஞ்சிருக்குன்னு படம் சொல்லுது. ஆகவே பிரிஞ்சுதான் இருக்கு. நாம பார்த்த சிவப்பு தற்காலிகமானது. சான்றிதழ் எழுதுங்க."

எழுதினார்கள். பதக்கத்தை மருமகளிடம் நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. "இனிமே இங்க வரமாட்டேன் சார்," என்றாள்.

"ஏன்? இன்னும் ஒரு வருஷம் போனா மைக்ராஸ்கோப் உறையை நீங்களே மடிக்கலாமே!"

"டயர் கடை மாடியில என்னை உள்ளே பார்க்க விடறாங்க சார்."

பெரிய டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, நோயாளியின் பிரதி என்று அத்தையிடம் கொடுத்தார். அத்தை சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தாள்.

"மேற்படி நோயாளியின் வலது விழித்திரை பிரிந்த நிலையிலேயே உள்ளது என்று சான்றளிக்கப்படுகிறது. இவரால் வலது கண்ணால் எழுத்துகளைப் படிக்க இயலாது. ஒப்பம், நிலையத் தலைவர்."

படக்குழு திருப்தியோடு தலையாட்டியது. ஒரு வார்த்தை விடாமல் சரியாக இருந்தது.

அத்தை தாளை இறக்கவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், தேதி போடலியே," என்றாள்.

"அப்படியா?" பெரிய டாக்டர் தாளை வாங்கி, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "எங்கேம்மா போடணும்?"

"இங்கே சார்," என்று அத்தை விரலை வைத்துக் காட்டினாள்.